திருப்பராய்த்துறையிலிருந்து கார்னெகி ஹால் வரை

காவிரிக் கரை இசை வரலாறு – 14

1939 மே 16 அன்று திருச்சி வானொலி நிலையம் ஒலிபரப்பைத் தொடங்கியதையும், காவிரிக் கரை வித்வான்கள் அதன் வழியே ஊர் ஊராகச் சென்று சேர்ந்ததையும் சென்ற அத்தியாயத்தில் பார்த்தோம். அதே வானொலிப் பெட்டியில் முள்ளைச் சிற்றலைப் பக்கம் திருப்பியவர்களுக்கு வேறோர் இசையும் கிடைத்தது. 1955 முதல் வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவில் வில்லிஸ் கோனோவர் நடத்திவந்த ஜாஸ் நிகழ்ச்சி, கடல் தாண்டி ஆசியா முழுக்கக் கேட்டது. நிறுத்தி நிதானமாகப் பேசும் அவருடைய குரல் வழியாகத்தான் ஜாஸ் கலைஞர்களின் பெயர்களை நம் நாட்டு ரசிகர்கள் பலர் முதன்முதலில் அறிந்தார்கள். பெயர் தெரிந்தபின் இசைத்தட்டைத் தேடினார்கள். இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியிருந்த அந்தக் காலத்தில் வெளிநாட்டு எல்.பி. ஒன்று கைக்கு வருவதே அரிது.

அப்படித் தேடப்பட்ட, இன்றும் தேடப்படுகிற இரண்டு வகை இசைத்தட்டுகளைப் பற்றியது இந்த அத்தியாயம். ஒன்று ஹார்டு பாப், மற்றொன்று ஃப்ரீ ஜாஸ். திருச்சி வரலாற்றில் இவற்றுக்கு என்ன இடம் என்று வாசகர் கேட்கலாம். ஜாஸில் இந்தியத் தாக்கம் என்று பேச்சு வந்தாலே ரவி சங்கர், சிதார் என்று வடக்கே போய் நின்றுவிடுவது வழக்கமாகிவிட்டது. அந்த இசைத்தட்டுகளின் அட்டைகளைப் பொறுமையாகப் படித்தால் தெற்கே வரும் தடம் ஒன்று தெரிகிறது. அது திருச்சியையும் அதன் அக்கம்பக்கத்தையும் தொட்டுச் செல்கிறது.

இரண்டு வகை இசை

திருச்சி வானொலி பிறந்த அதே 1939-இல் நியூயார்க்கில் ப்ளூ நோட் நிறுவனம் தொடங்கியது. ஜெர்மனியிலிருந்து குடியேறிய ஆல்ஃபிரெட் லயன் அதன் நிறுவனர்களில் முக்கியமானவர். 1950களின் நடுவில் ஹார்டு பாப் என்று பெயர் பெற்ற இசைக்கு இந்த நிறுவனமே பெரிய வீடாக இருந்தது. அதற்கு முந்தைய பிபாப் இசையின் வேகத்தோடு ப்ளூஸையும், கறுப்பின மக்களின் தேவாலயப் பாட்டையும் சேர்த்துக் கட்டியது ஹார்டு பாப். முதலில் ஊதுகருவிகள் சேர்ந்து பாட்டின் முகப்பை வாசிக்கும். பிறகு ஒவ்வொருவராகத் தனியே விரித்து வாசிப்பார்கள். கடைசியில் மீண்டும் முகப்புக்கு வந்து நிறுத்துவார்கள். ஆர்ட் பிளேக்கியின் குழு 1958-இல் பதிவு செய்த ‘மோனின்’, ஜான் கோல்ட்ரேன் 1957-இல் பதிவு செய்த ‘ப்ளூ ட்ரெய்ன்’ ஆகிய இரண்டையும் கேட்டால் இந்த இலக்கணம் முழுதும் பிடிபட்டுவிடும். கச்சேரி கேட்டுப் பழகிய காதுக்கு இது அந்நியமாக இருக்காது. பல்லவியை எடுத்து, விரித்து, திரும்பவும் எடுப்புக்கு வந்து சேரும் வழக்கம் நமக்குத் தெரிந்ததுதான்.

ஃப்ரீ ஜாஸ் அந்த ஒழுங்கைத் தளர்த்தியது. 1960 டிசம்பர் 21 அன்று சாக்ஸஃபோன் கலைஞர் ஆர்னெட் கோல்மன் எட்டுப் பேரை ஒரே அறையில் உட்காரவைத்து ஒரு பதிவு செய்தார். அதன் பெயரே ‘ஃப்ரீ ஜாஸ்’. நாலு பேர் குழு இடது ஒலிபெருக்கியில், இன்னொரு நாலு பேர் வலது ஒலிபெருக்கியில். சுரங்களைச் சேர்த்து ஒலிக்கும் ‘கார்டு’களை முன்கூட்டி வகுத்துக்கொண்ட சுற்று கிடையாது. ஒருவர் வாசிக்கும்போது மற்றவர்களும் மனம் போனபடி சேர்ந்துகொள்ளலாம். ஏறக்குறைய 37 நிமிடங்கள், தட்டின் இரு பக்கங்களும் ஒரே இசை.

இந்தத் தட்டைப் பெரிய விலை கொடுத்து வாங்கி, ஒருமுறை கேட்டுவிட்டு, இரைச்சல் என்று ஒதுக்கியவர்கள் உண்டு. அவர்களுக்கு ஒரு யோசனை. ஆம்ப்ளிஃபயரில் பாலன்ஸ் குமிழை முழுக்க வலப்பக்கம் திருப்பிவிட்டுக் கேளுங்கள். ஹார்டு பாப்பில் பெயர் எடுத்துவந்த ஃப்ரெடி ஹப்பர்டின் ட்ரம்பெட், எரிக் டால்ஃபியின் பேஸ் கிளாரினெட், சார்லி ஹேடனின் பேஸ், எட் பிளாக்வெல்லின் டிரம்ஸ் என்று நால்வரும் துலக்கமாகக் கேட்பார்கள். அவர்களில் எட் பிளாக்வெல்லைக் கவனித்துக் கேளுங்கள். நியூ ஆர்லியன்ஸ்காரர். ஒவ்வொரு தோலையும் தனித்தனியாகச் சுருதி பார்த்து வைத்தவர்போல் அடிப்பார். அவர் கை தொட்டதெல்லாம் பாட்டாகவே ஒலிக்கும். இந்த அத்தியாயத்தில் இன்னும் இரண்டு இடங்களில் அவர் வருவார்.

ஒரு சந்திப்பும் ஒரு பெயரும்

1958-இல் அமெரிக்க வெளியுறவுத் துறை ஜாஸ் பியானோ கலைஞர் டேவ் பிரூபெக்கின் குழுவைப் போலந்து முதல் இலங்கை வரை ஒரு நீண்ட பயணத்துக்கு அனுப்பியது. குழு சென்னைக்கு வந்தபோது அதன் டிரம்ஸ் கலைஞர் ஜோ மொரெல்லோ, மிருதங்க மேதை பழனி சுப்ரமணிய பிள்ளையைச் சந்தித்தார். இருவரும் வாசித்துப் பகிர்ந்துகொண்டார்கள். புதுக்கோட்டை வழியில் வந்தவர் பிள்ளை. அவருடைய தந்தை பழனி முத்தையா பிள்ளை, புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளையின் சீடர். இடது கைப் பழக்கம் உள்ளவர் என்பதால் மேடையில் உட்காரும் இடம் முதற்கொண்டு பல இடையூறுகளைத் தாண்டி வந்தவர் சுப்ரமணிய பிள்ளை. கணக்கில் கூர்மையும் நாதத்தில் இனிமையும் ஒன்றுசேர்ந்த வாசிப்பு அவருடையது. பல்லவிக்குப் பேர்போன ஆலத்தூர் சகோதரர்களுக்கு அவர் வாசித்த கச்சேரிகளைப் பற்றித் திருச்சிப் பக்கத்துப் பெரியவர்கள் ஓயாமல் பேசியிருக்கிறார்கள்.

அந்தச் சந்திப்பு முடிந்து மூன்று ஆண்டுகளில், 1961 நவம்பரில், ஜான் கோல்ட்ரேன் நியூயார்க்கின் வில்லேஜ் வேன்கார்டு அரங்கில் ‘இந்தியா’ என்ற இசையை வாசித்தார். இரண்டு பேஸ்கள் கீழே ஒரே சுருதியைப் பிடித்து நிற்க, மேலே சோப்ரானோ சாக்ஸஃபோன் சுழன்று எழும். 1963-இல் ‘இம்ப்ரெஷன்ஸ்’ என்ற இசைத்தட்டில் அது வெளிவந்தது. ஹார்டு பாப்பில் உச்சம் தொட்ட ஒருவர் ஃப்ரீ ஜாஸை நோக்கித் திரும்பும் திருப்பம் அதில் அப்படியே பதிவாகியிருக்கிறது. சேகரிப்பவர்கள் அதைப் போற்றுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த மேடையில் இந்தியாவிலிருந்து வந்த ஒருவரும் இல்லை. கோல்ட்ரேன் இந்திய இசையைத் தூரத்திலிருந்து நேசித்தார். ரவி சங்கரிடம் பேசிக் கற்றார். 1965-இல் பிறந்த மகனுக்கு ரவி என்றே பெயர் வைத்தார். முறையாக ஒரு குருவின் முன் உட்கார்ந்து பயில அவருக்குக் காலம் இடம் தரவில்லை. 1967 ஜூலை 17 அன்று, 40 வயதில் காலமானார்.

தூரத்திலிருந்து நேசித்த காலத்துக்கு அடுத்து, நம்மவர்கள் அங்கே போய்க் கற்றுக்கொடுத்த காலம் வந்தது. நம் தடம் உண்மையில் தொடங்குவது அங்கிருந்துதான்.

பழனியின் சீடர்கள் இருவர்

பழனி சுப்ரமணிய பிள்ளை 1962-இல் மறைந்தார். அடுத்த ஆண்டே அவருடைய சீடர் ஒருவர் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் உள்ள வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் மிருதங்கம் கற்றுக்கொடுக்கப் போனார். அவர் டி. ரங்கநாதன், பரத நாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதியின் தம்பி. குருவின் கைவழிப் பாடத்தை அவர் அமெரிக்க மாணவர்களுக்குப் பல ஆண்டுகள் சொல்லிக்கொடுத்தார்.

இன்னொரு சீடர் திருச்சி மாவட்டத்துப் பூவாளூரில் 1942-இல் பிறந்தவர். முதலில் உறவினரான பி.ஏ. வெங்கட்ராமனிடமும், பிறகு பழனியிடமும் பயின்றார். 13 வயதில் ஆலத்தூர் சகோதரர்களின் கச்சேரியில் குருவோடு சேர்ந்து அரங்கேறினார். அவர்தான் திருச்சி சங்கரன். 1971-இல் கனடாவின் டொராண்டோவில் உள்ள யார்க் பல்கலைக்கழகத்துக்குப் போய், ஜான் ஹிக்கின்ஸோடு சேர்ந்து இந்திய இசைப் படிப்பைத் தொடங்கினார். ஹிக்கின்ஸ், வெஸ்லியனில் படித்து, பிறகு இந்தியா வந்து டி. விஸ்வநாதனிடம் பயின்று கர்நாடக சங்கீதம் பாடிய அமெரிக்கர். சங்கரனிடம் சொல்கட்டு பயின்றவர்களில் ஜாஸ் கலைஞர்களும், மேற்கத்திய தாளக் கலைஞர்களும், இசையமைப்பாளர்களும் உண்டு. ஜான் வயர் உருவாக்கிய ‘வேர்ல்டு டிரம்ஸ்’ குழுவில் பல நாட்டுத் தாளக் கலைஞர்களோடு சேர்ந்து வாசித்தார். 2011-இல் மியூசிக் அகாதெமி அவருக்குச் சங்கீத கலாநிதி விருது அளித்தது. அவர் மகள் சுபா சங்கரனின் ‘ஆட்டோரிக்‌ஷா’ குழு, ஜாஸையும் கர்நாடக இசையையும் ஒரே மூச்சில் பாடுகிறது.

ரங்கநாதன் பாடம் சொன்ன அதே வெஸ்லியன் வளாகத்துக்கு 1970களின் நடுவில் இன்னொரு தாளக் கலைஞர் ஆசிரியராக வந்தார். அவர் எட் பிளாக்வெல், ‘ஃப்ரீ ஜாஸ்’ தட்டின் வலப்பக்க டிரம்ஸ்காரர். புதுக்கோட்டை வழி மிருதங்கமும் ஆர்னெட் கோல்மனின் தாளமும் ஒரே இசைத்துறையில் கற்பிக்கப்பட்டன. யாரிடமிருந்து யார் எதை எடுத்தார் என்று இதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது, சொல்லவும் வேண்டாம். அடுத்தடுத்த அறைகளில் இரண்டு வழிப் பாடங்களையும் கேட்டு வளர்ந்த ஒரு தலைமுறை மாணவர்கள் உருவானார்கள் என்பதே இந்தத் தொடருக்குப் போதுமான செய்தி.

தபோவனத்துப் பிரம்மசாரி

இப்போது திருச்சியிலிருந்து கரூர்ச் சாலையில் மேற்கே போவோம். காவிரியின் தென்கரையில் திருப்பராய்த்துறை. தேவாரப் பாடல் பெற்ற தாருகாவனேசுவரர் கோயில் உள்ள ஊர். இங்கேதான் சுவாமி சித்பவானந்தர் 1940களின் தொடக்கத்தில் ராமகிருஷ்ண தபோவனத்தை நிறுவினார். மாணவர் இல்லம், பள்ளி, பதிப்பகம் என்று அது வளர்ந்தது. திருச்சி மாவட்டத்தில் அதைத் தெரியாதவர் குறைவு.

அந்த நாட்களில் தபோவனத்தில் ராமசாமி என்ற இளைஞர் வந்து சேர்ந்தார். கோவைக்கு அருகே செட்டிபாளையத்தில் 1914-இல் பிறந்தவர். இல்லற வாழ்வில் மனைவியை இழந்தபின் பழனியிலும் வேறு இடங்களிலும் தவம் தேடி அலைந்தவர். சித்பவானந்தர் அவருக்குப் பிரம்மசரிய தீட்சை தந்து சாம்பசிவ சைதன்யர் என்று பெயர் சூட்டினார். தாய் தந்தையற்ற சிறுவர்களைக் கவனித்துக்கொள்வது அவருக்குத் தரப்பட்ட வேலை. பிறகு ரிஷிகேசம் சென்று, 1949-இல் சுவாமி சிவானந்தரிடம் சன்னியாசம் பெற்று, சுவாமி சச்சிதானந்தர் ஆனார். சிவானந்தரும் தென்னாட்டவர். திருநெல்வேலிச் சீமையின் பத்தமடையில் பிறந்து, திருச்சி எஸ்.பி.ஜி. கல்லூரியில் படித்தவர். சச்சிதானந்தர் 1950களில் இலங்கையில் தொண்டு செய்துவிட்டு 1966-இல் நியூயார்க் சேர்ந்தார். 1969 ஆகஸ்ட் 15 அன்று உட்ஸ்டாக் இசை விழாவைத் தொடங்கிவைத்துப் பேசிய காவியுடைத் துறவி அவர்தான்.

ஆலிஸ் கோல்ட்ரேன்

ஜான் கோல்ட்ரேனின் மனைவி ஆலிஸ், டெட்ராய்ட் நகரத்தில் பிறந்த பியானோ கலைஞர். பிபாப் பியானோவில் தேர்ந்தவர். 1966 முதல் கணவரின் குழுவில் பியானோ வாசித்தார். கணவர் போனபின் நாலு குழந்தைகளோடு தனித்து நின்றார். தூக்கம் போயிற்று, உடல் மெலிந்தது. அந்த நாட்களில் பேஸ் கலைஞர் விஷ்ணு வுட் வழியாகச் சச்சிதானந்தரின் அறிமுகம் கிடைத்தது. அந்தத் துறவியின் அருகில் அவர் மீண்டும் நிமிர்ந்தார்.

இதன் சுவட்டை இம்பல்ஸ் நிறுவனத்தின் தட்டுகளில் வரிசையாகப் பார்க்கலாம். 1970 தொடக்கத்தில் பதிவான ‘தாஹ், தி எல் தாவுத்’ தட்டில் ‘துரியா அண்ட் ராமகிருஷ்ணா’ என்ற இசை இருக்கிறது. முழுக்க முழுக்க ப்ளூஸ், நிதானமான பியானோ. அதே தட்டில் ஊதும் ஜோ ஹெண்டர்சன் ப்ளூ நோட்டில் வளர்ந்த ஹார்டு பாப் கலைஞர்.

அடுத்தது 1970 நவம்பரில் பதிவாகி 1971-இல் வெளிவந்த ‘ஜர்னி இன் சச்சிதானந்தா’. அட்டை எண் ஏ.எஸ்.-9203. தலைப்பிலேயே தம் குருவின் பெயரை வைத்தார் ஆலிஸ். தம்பூரா சுருதி கூட்டும். செசில் மெக்பீயின் பேஸ் ஒரே சொற்கட்டைத் திரும்பத் திரும்பச் சொல்லும். ஆலிஸின் ஹார்ப் அதன்மேல் பரவும். அப்புறம் ஃபாரோ சாண்டர்ஸின் சோப்ரானோ சாக்ஸஃபோன் நுழையும். டிரம்ஸில் ரஷீத் அலி. ஃப்ரீ ஜாஸ் என்றால் கூச்சல் என்று நினைப்பவருக்கு நான் முதலில் போட்டுக்காட்டச் சொல்வது இந்தத் தட்டைத்தான். இதில் ராக லட்சணம் தேடுபவர் ஏமாறுவார். இருப்பது சுருதி, பொறுமை, சரணடைந்த மனம். ‘ஸ்டாப்ஓவர் பாம்பே’ என்ற மூன்றாவது இசை, 1970 டிசம்பரில் குருவோடு இந்தியாவுக்கும் இலங்கைக்கும் புறப்படவிருந்த ஐந்து வாரப் பயணத்தைக் குறிப்பது. அட்டைக் குறிப்பில் ஆலிஸே அதை எழுதியிருக்கிறார்.

மூன்றாவது ‘வேர்ல்டு கேலக்ஸி’, 1972-இல் வெளிவந்தது. கணவரின் புகழ்பெற்ற ‘எ லவ் சுப்ரீம்’ இசையை ஆலிஸ் வயலின் குழுவோடு புதிதாக அமைத்து, அதில் சச்சிதானந்தரின் குரலைச் சேர்த்தார். செட்டிபாளையத்தில் பிறந்து, திருப்பராய்த்துறையில் சிறுவர்களை வளர்த்த மனிதர், கோல்ட்ரேனின் இசைக்குள் அன்பைப் பற்றிப் பேசுகிறார். நம் நாட்டுச் சேகரிப்பாளர்கள் இந்தத் தட்டுக்குக் கொடுக்கும் மதிப்பு போதாது என்பது என் கருத்து.

1971 பிப்ரவரி 21

இதுவரை இரண்டு தடங்களைத் தனித்தனியாகச் சொன்னேன். புதுக்கோட்டை வழித் தாளம் ஒன்று, தபோவனத்துத் துறவி மற்றொன்று. இரண்டின் பக்கத்திலும் நின்ற ஒருவர் எட் பிளாக்வெல்.

1971 பிப்ரவரி 21 அன்று நியூயார்க் கார்னெகி ஹாலில் சச்சிதானந்தரின் இன்டெக்ரல் யோகா நிறுவனத்துக்கு நிதி திரட்ட ஓர் இசை நிகழ்ச்சி நடந்தது. ஆலிஸ் கோல்ட்ரேன் தம் குழுவோடு வாசித்தார். ஃபாரோ சாண்டர்ஸ், ஆர்ச்சி ஷெப் இருவரும் சாக்ஸஃபோன். ஜிம்மி கேரிசன், செசில் மெக்பீ இருவரும் பேஸ். கிளிஃபர்டு ஜார்விஸ், எட் பிளாக்வெல் இருவரும் டிரம்ஸ். கூடவே தம்பூராவும் ஆர்மோனியமும். முதல் பாதியில் ‘ஜர்னி இன் சச்சிதானந்தா’, ‘சிவ லோகா’ என்று ஹார்ப் மீட்டினார் ஆலிஸ். பின்பாதியில் பியானோவுக்கு மாறி, ஜானின் ‘ஆஃப்ரிக்கா’, ‘லியோ’ இரண்டையும் அனல் பறக்க வாசித்தார். பதிவு பல ஆண்டுகள் கிடப்பில் கிடந்து, 2024-இல்தான் முழுமையாக இசைத்தட்டாக வந்தது. பிளாக்வெல் அன்று வாசித்தது திருப்பராய்த்துறையில் தீட்சை பெற்ற ஒருவரின் பணிக்காக. சில ஆண்டுகளில் அவர் பாடம் சொல்லப் போன வெஸ்லியனில் ஏற்கெனவே பழனியின் சீடர் இருந்தார். திருச்சி சங்கரன் டொராண்டோ சேர்ந்ததும் அதே 1971-இல்தான்.

அட்டையைப் படிக்கும் கலை

ஹார்டு பாப் சேகரிப்பவர்கள் எதைக் கவனிப்பார்கள் என்று பாருங்கள். ப்ளூ நோட் தட்டின் உள்வட்டத்தில் ஒலிப்பதிவாளர் ரூடி வான் கெல்டரின் முதலெழுத்துகள் கீறப்பட்டிருக்கின்றனவா, முதல் பிரஸ்ஸிங்கா, லேபிளில் எந்த முகவரி அச்சாகியிருக்கிறது என்பார்கள். இம்பல்ஸ் என்றால் ஆரஞ்சும் கறுப்புமான முதுகு, புத்தகம்போல் திறக்கும் அட்டை. விலை நிர்ணயிக்க இவை வேண்டும்தான். வரலாறு எழுத இன்னொரு வகைப் படிப்பு வேண்டும். யார் தம்பூரா போட்டார், நிகழ்ச்சி யாருக்காக நடந்தது, அட்டைக் குறிப்பில் யார் யாருக்கு நன்றி சொல்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். பெரிய எழுத்தில் உள்ள பெயரைத் தாண்டிச் சிறிய எழுத்துக்குள் போனால்தான் நம் ஊர் தென்படும்.

நம் பகுதியில் பழைய எல்.பி.க்கள் வைத்திருக்கும் குடும்பங்களுக்கு இந்த அத்தியாயம் ஒரு வேண்டுகோளையும் வைக்கிறது. தட்டுகளைப் படுக்கவைத்து அடுக்காதீர்கள், நிமிர்த்தி நிறுத்துங்கள். சித்திரை வெயில் படும் சுவரோரமும் ஆற்றங்கரை வீட்டின் ஈரம் ஊறும் மூலையும் வேண்டாம். விற்பதானாலும், கைமாற்றிக் கொடுப்பதானாலும், அட்டையின் இரு பக்கங்களையும் உள்வட்ட எண்களையும் முதலில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தட்டு எந்த ஆண்டு, யார் மூலம் வீட்டுக்கு வந்தது என்பதை ஒரு தாளில் எழுதி அட்டைக்குள் வையுங்கள். தட்டில் உள்ள இசையை மறுபதிப்பில் கேட்டுக்கொள்ளலாம். அது இந்த ஊருக்கு வந்த கதைக்கு மறுபதிப்பு கிடையாது.

கர்நாடக இசையும் ஜாஸும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. இரண்டின் இலக்கணமும் வேறு, பிறந்த துயரமும் வேறு. 1958-இல் ஒரு சந்திப்பு, 1961-இல் ஒரு பெயர், 1963-இல் ஓர் ஆசிரியர், 1971-இல் ஒரு குருவுக்காக ஒரு மேடை என்று அந்த உறவு ஒவ்வொரு படியாக ஆழமானது. கடைசி இரு படிகளில் அதை முன்னே தள்ளியது கற்றுக்கொடுக்க மனம் இருந்த ஒருவரும், பணிந்து கற்கத் தயாராக இருந்த ஒருவரும்தான். திருச்சிச் சீமை ஜாஸுக்குத் தந்த கொடை என்று நான் கருதுவது இந்தக் குரு-சீட உறவையே. இனி ஜாஸைப் பற்றி நம்மவர் பேசும் இடங்களில் பழனி சுப்ரமணிய பிள்ளையின் பெயரும் திருப்பராய்த்துறையின் பெயரும் தயக்கமின்றி ஒலிக்க வேண்டும்.

அடுத்த அத்தியாயத்தில்: சார்லஸ் மிங்கஸின் குழுவில் ஆல்டோ சாக்ஸஃபோன் வாசித்த சார்லி மரியானோ, நாகசுவரத்தைக் கையில் எடுத்து ஜாஸ் இசைத்தட்டுகளில் ஊதிய கதை.

(தொடரும்)